விரல் கிளிப்பை மாற்றும் முன்

கேள்வி: குடியாத்தம் பக்கம் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் அனஸ்தீசியா டெக்னீசியனாக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் 46 வயது அம்மா ஒருவருக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பை ஆபரேஷன். மூச்சுக்குழாய்க்குள் போடும் 7 நம்பர் டியூப், பல்லருகே 22 சென்டிமீட்டர் குறியில் ஒட்டியிருந்தோம். வயிற்றில் கேஸ் ஏற்றிய ஐந்தாவது நிமிடத்தில் விரல் கிளிப் காட்டும் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதம், 99-லிருந்து 94, 91, 87 என்று இறங்கியது. கையில் மருதாணி இருந்ததால் அதுதான் காரணம் என்று நினைத்து, விரல் விரலாகக் கிளிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். டாக்டர் டியூபை இரண்டு சென்டிமீட்டர் வெளியே இழுத்தார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. நான் செய்தது தவறா? இப்படி இறங்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்? நான் என்னென்ன தயாராக வைத்திருக்க வேண்டும்? அடுத்த மாதம் சிசேரியனுக்கும் நான்தான் நிற்கப் போகிறேன், பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், குடியாத்தம் வட்டம்

பதில்: கிளிப்பைச் சந்தேகப்பட்டது தவறில்லை. அதை முதல் வேலையாகச் செய்ததுதான் தவறு. இறங்குகிற எண்ணை, பொய் என்று உறுதியாகும்வரை உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாக இருந்து நீங்கள் கிளிப்போடு மல்லுக்கட்டினால் இழப்பது நிமிடங்கள். பொய்யாக இருந்து நீங்கள் ஆக்சிஜனைக் கூட்டினால் இழப்பது கொஞ்சம் ஆக்சிஜன், அவ்வளவுதான்.

நிமிடம் ஏன் அவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு கணக்கு. மல்லாந்து மயங்கிக் கிடப்பவரின் நுரையீரலில், மூச்சை விட்ட பிறகும் ஏறத்தாழ 2 லிட்டர் காற்று மிஞ்சியிருக்கும். உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மி.லி. ஆக்சிஜனைத் தின்னும். சாதாரண அறைக் காற்றோடு மயங்கியவரிடம் அந்த 2 லிட்டருக்குள் இருக்கும் ஆக்சிஜன் 300 மி.லி.க்கும் குறைவு, மூச்சு நின்றால் ஒரு நிமிடம்தான் தாங்கும். மாஸ்க்கில் மூன்று நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுத்திருந்தால் அதே இடத்தில் 1.7 லிட்டர் இருக்கும். ஆரோக்கியமான ஆளுக்கு ஆறேழு நிமிடம் கிடைக்கும். பருத்த உடலுக்கும் கர்ப்பிணிக்கும் அதில் பாதிகூடக் கிடைக்காது. குழந்தைகள் கிலோவுக்குப் பெரியவர்களைப்போல் இரு மடங்கு ஆக்சிஜன் செலவழிப்பவர்கள். அவர்களிடம் விநாடிக் கணக்குதான்.

இன்னொன்று, 90-க்கு மேல் ஒவ்வொரு எண்ணும் நிதானமாகத்தான் குறையும். 90 என்றால் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 60 மி.மீ. பாதரசம். அதற்குக் கீழே சரிவு செங்குத்து. ஏரிக்கரையில் நடப்பதுபோல, கரைமேல் எவ்வளவு தூரம் நடந்தாலும் ஒன்றுமில்லை, சறுக்கத் தொடங்கினால் நிற்க இடமில்லை. ஆகவே அலாரம் 90-ல் அடிக்கட்டும் என்று விட்டுவைக்காதீர்கள். 94-க்கு ஏற்றி வையுங்கள். துடிப்பு ஒலியை அணைத்து வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். சாச்சுரேஷன் குறையக் குறைய அந்த ஒலியின் சுருதி இறங்கும். திரையைப் பார்க்காமலே காது சொல்லிவிடும்.

இனி வரிசை. 94-க்குக் கீழே வந்ததும் வாயைத் திறந்து எண்ணைச் சொல்லுங்கள்: "டாக்டர், சாச்சுரேஷன் 93, இறங்குது." மயக்க மருத்துவருக்கு மட்டுமல்ல, சர்ஜனுக்கும் கேட்க வேண்டும். வயிற்றில் கேஸ் இருக்கிறதென்றால் அதை இறக்கச் சொல்லும் நிலை வரலாம், அவர் தயாராக இருக்கட்டும்.

சொல்லிக்கொண்டே நைட்ரஸ் என்ற மயக்க வாயுவையும் காற்றையும் மூடி, ஆக்சிஜனை 10 லிட்டருக்குத் திறக்க வேண்டும். திறந்ததோடு விடாமல் உள்ளே போகும் வாயுவின் ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் அனலைசரின் எண்ணைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் 90-ஐத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை என்றால் வருவது ஆக்சிஜன் இல்லை, அல்லது எங்கோ கலக்கிறது. குழாய் வேலை நடந்த தியேட்டர்களில் லைன் மாறிப்போன சம்பவங்கள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. அப்போது மெஷினின் சிலிண்டரைத் திறந்தால் மட்டும் போதாது, சுவரிலிருந்து வரும் ஹோஸையும் கழற்ற வேண்டும். குழாயின் அழுத்தம் சிலிண்டர் ரெகுலேட்டர் விடுகிற அழுத்தத்தைவிடச் சற்று அதிகம். ஹோஸ் மாட்டியே இருந்தால் மெஷின் குழாயிலிருந்துதான் உறிஞ்சும், சிலிண்டர் திறந்தும் வீண். இதைப் படித்துவிட்டு மறப்பவர்கள் அதிகம்.

அடுத்து வென்டிலேட்டரை விலக்கிப் பையைக் கையில் எடுப்பது. இதை மருத்துவர் செய்வார், ஆனால் கை அவருக்கு வேறு வேலையில் இருந்தால் நீங்கள் பிடிக்க வேண்டிவரும். பை நிறையாமல் தொளதொளவென்று இருந்தால் எங்கோ கசிவு: டியூபும் சர்க்யூட்டும் சேருமிடம், கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் டப்பாவின் ரப்பர் வளையம், கப்னோகிராஃப் (வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி) சாம்பிள் லைன், டியூபைச் சுற்றியுள்ள காற்று பலூனான கஃப். அழுத்தவே முடியாமல் கல்லாக இருந்தால் அடைப்பு அல்லது நுரையீரலின் இறுக்கம். அழுத்த முடிகிறது, ஆனால் வழக்கத்தைவிடக் கனமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் காற்று போகிறது. உங்கள் நோயாளியிடம் அன்று நடந்தது இந்த மூன்றாவது வகை.

அந்த நேரத்தில் கண் கப்னோகிராஃப்பில் இருக்க வேண்டும். கோடு தட்டையாகிவிட்டால் டியூப் மூச்சுக்குழாயில் இல்லை, அல்லது கழன்றுவிட்டது, அல்லது முழுதாக அடைத்திருக்கிறது, அல்லது இதயம் நின்றிருக்கிறது. நாலில் ஒன்று, எதுவும் காத்திருக்காது. மேல்தளம் தட்டையாக இல்லாமல் சுறாவின் துடுப்புபோலச் சரிந்து ஏறினால் மூச்சுக்குழல் சுருக்கம். அலை நன்றாக இருந்து எண் மட்டும் சட்டென்று பாதியாகி, கூடவே ரத்த அழுத்தமும் இறங்கினால் நுரையீரலுக்கு ரத்தம் போகவில்லை. லேப்ராஸ்கோப்பியில் இது வந்தால் கேஸ் ரத்தக்குழாய்க்குள் புகுந்திருக்கலாம். உடனே கேஸை நிறுத்தி இறக்கி, நைட்ரஸை மூடி, இடப்பக்கம் சாய்த்துத் தலையைத் தாழ்த்துவார்கள். அலை வழக்கம்போல, எண்ணும் ஏறக்குறைய அதே அளவு, ஆனால் ஏர்வே பிரஷர் ஏறியிருக்கிறது, சாச்சுரேஷன் இறங்குகிறது என்றால், டியூப் வலது மூச்சுக்கிளைக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

பெண்களுக்கு டியூப் பல்லருகே 20 அல்லது 21-லும், ஆண்களுக்கு 22 அல்லது 23-லும் இருப்பது வழக்கம். உங்கள் நோயாளிக்கு 22 என்றால் தொடக்கத்திலேயே விளிம்பில் இருந்திருக்கிறது. வயிற்றுக்குள் 12 முதல் 15 மி.மீ. அழுத்தத்தில் கேஸ் ஏறியதும் உதரவிதானம் மேலே தள்ளப்படும். அதோடு மூச்சுக்குழாய் பிரியும் இடமும் மேலேறி டியூபின் நுனியை வந்து தொடும். டியூபை யாரும் அசைக்கவே இல்லை, நுரையீரல்தான் அதன்மேல் ஏறிக்கொண்டது. டேபிளின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினாலும் இதுவே நடக்கும். முகவாய் நெஞ்சை நோக்கிக் குனிந்தால் நுனி உள்ளே போகும், நிமிர்ந்தால் வெளியே வரும். ஆகவே டியூபைப் போட்டதும் ஒருமுறை கேட்டுவிட்டோம் என்று ஸ்டெதஸ்கோப்பை மாட்டி வைத்துவிடக் கூடாது. கேஸ் ஏற்றிய பின் ஒருமுறை, டேபிளைச் சாய்த்த பின் ஒருமுறை, இரண்டு அக்குளிலும் கேட்க வேண்டும். நெஞ்சின் நடுவில் கேட்டால் வலப்பக்க ஓசையே இடப்பக்கமும் கேட்பதுபோல ஏமாற்றும்.

இடது நுரையீரலுக்குக் காற்று போகாமல் ரத்தம் மட்டும் போனால், அந்த ரத்தம் ஆக்சிஜன் ஏறாமலே திரும்பிவந்து நல்ல ரத்தத்தோடு கலக்கும். வலது பக்கம் எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் இந்தக் கலப்பைச் சரிக்கட்ட முடியாது. இதிலிருந்தே ஒரு துப்பு கிடைக்கிறது. முழு ஆக்சிஜன் கொடுத்ததும் எண் சட்டென்று ஏறினால் குறை, கொடுத்த வாயுவிலோ மூச்சின் அளவிலோ இருந்தது. கொடுத்தும் அசையவில்லை என்றால் டியூப் ஒரு பக்கம், சளி அடைத்துச் சுருங்கிய நுரையீரல், நெஞ்சுக்குள் காற்று, இவற்றைத் தேடுங்கள்.

டியூபை இழுப்பது மருத்துவர் வேலை. சென்டிமீட்டரைப் படித்துச் சொல்வது, டேப்பைத் தளர்த்துவது, 10 மி.லி. சிரிஞ்ச்சால் கஃப்பின் காற்றை எடுப்பது உங்கள் வேலை. கஃப்பை இறக்காமல் இழுத்தால் குரல்வளையை உரசும். இழுத்த பின் மீண்டும் காற்று ஏற்றி, கஃப் அழுத்தம் 20-க்கும் 30 செ.மீ. நீரழுத்தத்துக்கும் நடுவே இருக்கிறதா என்று மானோமீட்டரில் பாருங்கள். விரலால் பலூனை அமுக்கிப் பார்ப்பது அளவே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகத் தெரிந்தவர்களும் இதில் தடுமாறுவார்கள். காரணத்தைச் சரிசெய்த பிறகும் எண் உடனே ஏறாது. நுரையீரலில் ஏறிய ஆக்சிஜன் விரல் நுனிக்கு வந்துசேர அரை நிமிடமாவது ஆகும், கை சில்லிட்டிருந்தால் இன்னும் அதிகம். அதன்மேல் மானிட்டரும் சில விநாடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது. டியூபைச் சரியாக இழுத்த பிறகும் 87 என்பது 85-ஆகிப் பிறகு ஏறும். அந்த அரை நிமிடப் பதற்றத்தில் சரியான டியூபைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட முயன்றால், இருந்த நல்ல வழியும் போகும். இரண்டு பக்கமும் காற்று கேட்கிறது, கப்னோகிராஃப் அலை இருக்கிறது என்றால், கடிகாரத்தைப் பார்த்து அறுபது விநாடி எண்ணுங்கள்.

டியூப் சரியான இடத்தில் இருந்தும் ஏறவில்லை என்றால், சக்‌ஷன் கத்தீட்டரை உள்ளே விட வேண்டும். 7 நம்பர் டியூபுக்கு 10 அல்லது 12 எண் கத்தீட்டர். தடையில்லாமல் முழு நீளமும் போனால் டியூப் மடங்கவில்லை, சளிக்கட்டியும் இல்லை. உறிஞ்சுவது பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். சக்‌ஷன் சளியை மட்டும் எடுப்பதில்லை, ஆக்சிஜனையும் எடுக்கிறது. அதற்குப் பின், சுருங்கிய நுரையீரலை விரிக்க மருத்துவர் 30 செ.மீ. நீரழுத்தத்தில் இருபது முப்பது விநாடி பிடித்து, பிறகு 5 முதல் 8 வரை பீப் (மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் விட்டுவைக்கும் அழுத்தம்) வைப்பார். பிடிக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும். நீங்கள் பி.பி.யைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், வயிற்றில் கேஸ் இருக்கும்போது இன்னும் கவனமாக.

மெஷினா நோயாளியா என்று குழம்பினால் அதைப் பிரித்துவிட ஒரே வழி, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பைதான். தனிச் சிலிண்டர், 10 லிட்டர், பின்பக்கம் ரிசர்வாயர் பை மாட்டியது. சர்க்யூட்டைக் கழற்றி ஆம்புவை மாட்டி அழுத்துங்கள். ஏறினால் கோளாறு மெஷினில். அதை அப்படியே ஒதுக்கிவிட்டு ஆபரேஷனை ஆம்புவோடு நகர்த்தலாம், பிறகு நிதானமாகத் தேடலாம். ஏறவில்லை என்றால் கோளாறு டியூபிலோ நோயாளியிடமோ. ஒவ்வொரு தியேட்டரிலும் ஆம்பு பை இருக்கிறது. ஆனால் பல இடங்களில் அலமாரியில், ரிசர்வாயர் இல்லாமல், மாஸ்க் தனியாக. மெஷினின் வலப்பக்கத்தில் தொங்க வேண்டிய பொருள் அது.

மூச்சுக்குழல் சுருக்கத்துக்குச் சால்புடமால் இன்ஹேலர் வேண்டும். டியூப் வழியே அடித்தால் பெரும்பகுதி பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிப்போகும், ஆகவே எட்டு பத்து முறை அடிக்க வேண்டிவரும். ஸ்பேசர் அடாப்டர் இல்லை என்றால் 50 மி.லி. சிரிஞ்ச்சின் உள்ளே இன்ஹேலர் டப்பாவைத் தலைகீழாக வைத்து, பிஸ்டனால் தள்ளி, டியூப் கனெக்டரின் சாம்பிள் துளை வழியே, மூச்சு உள்ளே போகும் நேரம் பார்த்து அடிக்கலாம். அட்ரினலினை 10 மி.லி.யில் 100 மைக்ரோகிராமாக, அதாவது ஒரு மி.லி.க்கு 10 மைக்ரோகிராமாகக் கலந்து, லேபிள் ஒட்டி வைப்பது நல்லது. கடுமையான சுருக்கத்துக்கு ஒன்று, இரண்டு மி.லி. என்று கொடுப்பார்கள், ஒவ்வாமை அதிர்ச்சி என்றால் ஒரு வேளைக்கு 50 மைக்ரோகிராம்கூட ஆகும். லேபிள் இல்லாத சிரிஞ்ச் யாருக்கும் உதவாது.

இப்போது உங்கள் மருதாணிக்கு வருகிறேன். பேரணாம்பட்டு, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் கல்யாண சீசனில் மருதாணி இல்லாத கையைப் பார்ப்பதே அரிது. செக்கச் சிவந்த சாதாரண மருதாணி பெரும்பாலும் எண்ணை அதிகம் கெடுக்காது. விரல் நுனி முழுக்கக் கருப்பாக அப்பியதுதான் ஒளியைத் தடுத்து, அலையே வராமல் செய்யும். ஆகவே எண்ணைவிட அலையைப் பாருங்கள். உயரமான, சீரான அலை. அதன் துடிப்பு எண் ஈ.சி.ஜி.யின் எண்ணோடு ஒத்துப்போகிறது. அப்படியென்றால் 87 என்பது 87-தான். அன்று உங்கள் திரையில் அலை நன்றாக இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். அலை சிதறிக் கிடந்தால் காதுமடலுக்கு மாற்றுங்கள். பி.பி. கஃப் கட்டிய கையில் கிளிப் மாட்டாதீர்கள். இவை எல்லாமே நோயாளியை உள்ளே கொண்டுவரும்போதே செய்து முடிக்க வேண்டியவை. சரிகிற நேரத்து வேலைகள் அல்ல.

கிளிப் உண்மையாகவே ஏமாற்றுகிற ஒரு நிலை நம் பக்கத்தில் தெரிந்திருக்க வேண்டியது. கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் மருத்துவமனை இயங்கும் பகுதி இது. தொழுநோய் மருந்தான டாப்சோன் சாப்பிடுகிறவர்கள் வேறு ஆபரேஷனுக்கு நம்மிடம் வரலாம். டாப்சோன் சிலருக்கு ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினை உண்டாக்கும். அவர்களுக்குச் சாச்சுரேஷன் 85-இலிருந்து 90-க்குள் நின்றுகொண்டு, முழு ஆக்சிஜனுக்கும் அசையாது. நுரையீரல் சுத்தமாக இருக்கும், எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். இதற்கான மருந்து மெத்திலீன் புளூ, கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி.; ஜி6பி.டி. என்ற நொதியின் குறைபாடு உள்ளவருக்கு அது ஆபத்து, அந்த முடிவு முழுக்க மருத்துவருடையது. அந்த நீல மருந்து ஏறியதும் கிளிப்பின் எண் சில நிமிடம் இன்னும் கீழே போகும், அதைக் கண்டு மிரள வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது, நோயாளி கொண்டுவரும் மாத்திரைச் சீட்டைப் படிப்பது. எதிர்ப்பக்கம் ஏமாற்றுவது பீடி: தொடர்ந்து பிடிப்பவரின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், கிளிப் அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொண்டு கூட்டிக் காட்டும். ஆபரேஷனுக்கு முந்தைய நாளாவது நிறுத்தச் சொல்வதில் பலன் உண்டு.

தயாரிப்பில் பாதி, மாஸ்க் வைக்கும் அந்த மூன்று நிமிடம்தான். தலைப்பக்கம் 25 டிகிரி உயரட்டும். பருத்தவர்களுக்குக் காதுத் துளையும் மார்பெலும்பின் மேல்நுனியும் ஒரே மட்டத்தில் வரும்வரை போர்வைகளை அடுக்குங்கள். மாஸ்க் முகத்தை விட்டுச் சற்றுத் தள்ளியிருந்தால் அது ஆக்சிஜன் அல்ல, விசிறி. பை ஒவ்வொரு மூச்சுக்கும் அசைய வேண்டும், கப்னோகிராஃப் அலை வர வேண்டும், வெளிவிடும் மூச்சில் ஆக்சிஜன் 85-90 சதவீதத்தைத் தொட வேண்டும். பல் இல்லாத முதியவர்களுக்குக் கன்னம் ஒட்டியிருக்கும், ஓரத்தில் காற்று கசியும். செட் பல்லை மயங்கும்வரை வாயிலேயே விட்டுவைத்தால் மாஸ்க் பொருந்தும், மயங்கியதும் மறக்காமல் கழற்றி வையுங்கள். டியூப் போடும் நேரத்தில் மூக்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் ஓடட்டும். அகில இந்தியக் கடின மூச்சுவழிச் சங்கத்தின் 2016 வழிமுறை, 95-க்குக் கீழே போனால் டியூப் முயற்சியை நிறுத்தி மாஸ்க்கில் ஏற்றச் சொல்கிறது. மொத்த முயற்சிகள் மூன்றுக்கு மேல் கூடாது. டியூப் போடக் குரல்வளையைப் பார்க்கும் லாரிஞ்சோஸ்கோப் உள்ளே இருக்கும்போது மருத்துவர் திரையைப் பார்க்க மாட்டார். "96… 95" என்று சொல்ல வேண்டிய குரல் உங்களுடையது, தயக்கமில்லாமல்.

சிலிண்டர் கணக்கு. முழுசாக நிரம்பிய பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர், பெரிய டி டைப்பில் சுமார் 7000 லிட்டர். கேஜ் 150-ல் முழுசு என்றால் 50-ல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது பி டைப்பில் 500 லிட்டர். 10 லிட்டர் வேகத்தில் ஐம்பது நிமிடம். ஆக்சிஜன் அழுத்தத்தால் ஓடுகிற வென்டிலேட்டர் என்றால் அதுவும் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டராவது குடிக்கும், ஆகவே அரை மணியில் காலி. கரன்ட் போனாலும் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் கான்சன்ட்ரேட்டர் நின்றாலும் இந்தக் கணக்குதான் கையில் இருக்கும். நோயாளியை வேலூருக்கு அனுப்ப நேர்ந்தால், சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 600 லிட்டர், ரயில்வே கேட்டுக்கும் டிராஃபிக்குக்கும் இன்னொரு 600. பாதி காலியான பி டைப்போடு கிளம்பக் கூடாது. சிலிண்டரின் உடல் கருப்பு, தோள் வெள்ளை. அதைக் கண்ணால் பார்த்து, லேபிளைப் படித்து மாட்டுங்கள்.

சிசேரியனில் ஸ்பைனல், அதாவது முதுகில் போடும் மரப்பு ஊசி, கொடுப்பதால் பெரும்பாலும் டியூபே இருக்காது, ஆனால் ஸ்பைனல் மேலேறினால் அம்மாவுக்கு மூச்சு வாங்கும், கை விரலை இறுக்கிப் பிடிக்க முடியாது, குரல் மெலியும். அரை மணிக்கு ஒருமுறை அல்ல, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை "அம்மா, என் விரலைப் பிடிங்க" என்று கேளுங்கள். வலது இடுப்புக்கடியில் ஆப்பு வைத்து இடப்பக்கம் 15 டிகிரி சாய்த்திருக்கிறதா என்று பாருங்கள். பொது மயக்கத்துக்கு மாற வேண்டிவந்தால் டியூப் 6.5-உம் 7-உம் இரண்டும், டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பியான பூஜியும், சக்‌ஷன் ஓடிக்கொண்டும் தலையணைக்கடியில் தயாராக.

முடிக்கும் நேரத்திலும் விழும். நைட்ரஸை நிறுத்தியதும் ரத்தத்திலிருந்து அது நுரையீரலுக்குள் பாய்ந்து ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து பத்து நிமிடம் முழு ஆக்சிஜன் ஓடாமல் மாஸ்க்கை எடுக்காதீர்கள். தியேட்டரிலிருந்து ரிகவரிக்குப் போகும் வராந்தாவில் ஆக்சிஜனும் கிளிப்பும் கூடவே போகட்டும். டியூப் எடுத்ததும் நெஞ்சு உள்ளிழுக்கிறது, ஓசையே இல்லை என்றால் குரல்வளை இறுகியிருக்கிறது. தாடையை முன்னே தள்ளி, மாஸ்க்கை இறுக்கி, பையில் அழுத்தம் கொடுத்தபடி மருத்துவரைக் கூப்பிடுங்கள். தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் கையெட்டும் தூரத்தில், சிரிஞ்ச்சில் இருக்க வேண்டும். குழந்தைக்கு நாடி இறங்கினால் நாடியை ஏற்றும் அட்ரோபினைத் தேடுமுன் ஆக்சிஜன் போகிறதா என்று பாருங்கள். அந்த இறக்கத்துக்கு பெரும்பாலும் காரணம் ஆக்சிஜன் இல்லாததுதான்.

அன்றைய சம்பவத்தைச் சார்ட்டில் எழுதினீர்களா? இல்லை என்றால், மருத்துவரிடம் சொல்லி இப்போதும், இன்றைய தேதியைப் போட்டு, பின்னர் எழுதிய குறிப்பு என்று சேர்க்கலாம்: எத்தனை மணிக்கு எந்த எண், அப்போது ஏர்வே பிரஷர் எவ்வளவு, டியூப் 22-லிருந்து 20-க்கு இழுக்கப்பட்டது, எத்தனை நிமிடத்தில் எந்த எண்ணுக்குத் திரும்பியது. அடுத்த முறை அதே அம்மாவுக்கு மயக்கம் கொடுப்பவர் டியூபை 20-லேயே ஒட்டுவார்.